மாடிப்படிக் கைப்பிடியில் இரும்பு வென்ற விவரம்

தச்சு வேலை செய்த புனித சூசையப்பர் காவல்
(வெல்டிங் பட்டறைக்கும் அவரே பொறுப்பு)

மேலவாய்க்கால் கிராமம்,
பாபநாசம் வட்டம்,
சித்திரை 20.

மஸ்கட் மாநகரில் மால் கட்டும் கம்பெனியில் மேற்பார்வையாளராக விளங்கும் அன்பு மைத்துனர் கிளமென்ட்டுக்கு, பொதுப்பணித் துறையில் முப்பத்து நான்கு வருஷம் லஸ்கராக இருந்து, மதகு திறந்து மதகு மூடி ஓய்வு பெற்ற உன் அக்காள் புருஷன் மதலைமுத்து எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். உன் அக்காள் பாத்திமா மேரி என்னைவிட நலம். எவ்வளவு நலம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீயும் உன் சம்சாரமும் பிள்ளைகளும் அந்த வெயிலில் தேக சுகத்தோடு இருக்க மாதாவிடம் வேண்டிக்கொள்கிறேன். இதை வாட்ஸாப்பிலேயே எழுதியிருக்கலாம். எழுதினால் நீ முதல் இரண்டு வரியைப் படித்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவாய். நான்கு மாதத்தில் நீ எனக்கு அனுப்பிய கைப்பிடிப் படங்கள் நூற்றுப் பதினொன்று. அத்தனையையும் நான் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். அதற்குப் பதிலாக நீ இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல், உன் சம்சாரத்துக்கும் கேட்கும்படி உரக்கப் படிக்க வேண்டும். விஷயம் இதுதான்: இரும்பு ஜெயித்துவிட்டது.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் உன் சம்சாரம் கேட்டுக்கொண்டிருப்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். நம் வீட்டு மாடிப்படி வெளிப்பக்கம் கிழக்குச் சுவரை ஒட்டி ஏறுகிறது. இருபத்தொரு படி. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் ஆகாயம். வீடு கட்டிய வருஷம், "கைப்பிடியை அப்புறம் பாத்துக்கலாம்" என்று கொத்தனாரும் நானும் ஒரே குரலில் சொன்னோம். அந்த அப்புறம் வருவதற்குள் இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. போன ஐப்பசி மழையில் மாடித் தண்ணீர் இறங்கும் குழாயில் இலை அடைத்துக்கொண்டதென்று உன் அக்காள் ஏறினாள். நான் ஏறுகிறேன் என்றேன், நீங்கள் போவதற்குள் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும் என்றாள். ஆறாவது படியில் பாசி. சுவர்ப் பக்கம் சாய்ந்திருக்கலாம், ஆகாயப் பக்கம் சாய்ந்தாள். முழங்காலில் கட்டுப் போட்டு ஆறு வாரம் படுக்கையில் இருந்ததும், நான் வைத்த ரசத்தைக் குடித்து அவள் அழுததும் உனக்குப் போனில் அவ்வப்போது சொன்னதுதான்.

கட்டுப் பிரித்த பிறகு நடந்தாள். கோயிலுக்குப் போனாள், கடைக்குப் போனாள். மாடிப்படியைக் கண்டால் மட்டும் கால் நின்றுவிடும். முதல் படியில் ஒரு காலை வைப்பாள், அந்தப் பக்கத்து ஆகாயத்தைப் பார்ப்பாள், காலை எடுத்துவிடுவாள். மற்ற வீட்டுப் பெண்களுக்கு மாடி இல்லாவிட்டால் பரவாயில்லை. உன் அக்காள் தாளிப்பு வடகம் போடுகிறவள். சின்ன வெங்காயமும் பூண்டும் உளுந்தும் கடுகும் இடித்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்து, பதினைந்து நாள் சித்திரை வெயிலில் காலையில் பரப்பி மாலையில் அள்ளி எடுக்க வேண்டும். கீழே வாசலில் போட்டால் பாதி நேரம் வேப்பமரத்து நிழல், மீதி நேரம் கோழி. நீ மஸ்கட்டில் தாளிக்கிற குழம்பு பாபநாசத்துக் குழம்பாக மணப்பது இந்த மாடியால்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்.

கிறிஸ்துமசுக்குத் திருச்சியிலிருந்து வந்த என் மகள், உன் மருமகள் ரோஸ்லின் இதையெல்லாம் இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் கேக் வெட்டிய கையோடு தீர்ப்புச் சொன்னாள். "அம்மாவால மாடி ஏற முடியல. அம்மா விழுந்தா அப்பாவால தூக்க முடியல. எதுக்குப்பா இந்த வீடு? பூட்டிட்டு ரெண்டு பேரும் திருச்சிக்கு வந்துடுங்க. எங்க அப்பார்ட்மென்ட்ல லிப்ட் இருக்கு." நான் உன் அக்காள் சண்டைக்குப் போவாள் என்று காத்திருந்தேன். அவள் சண்டை போடவில்லை. "சித்திரைக்குள்ள நான் மாடி ஏறி வடகம் காயவெச்சா இங்க இருக்கேன். இல்லேன்னா வந்துடறேண்டி" என்றாள். அன்று மத்தியானமே அடுக்களையில் எந்தப் பாத்திரம் திருச்சிக்கு, எந்தப் பாத்திரம் யாருக்கு என்று பிரித்து வைக்க ஆரம்பித்தாள். எனக்குப் பயம் வந்துவிட்டது, மாப்ள. அதை ஒளிக்காமல் எழுதுகிறேன். ஆடிப் பெருக்கில் நுரைத்து வந்த தண்ணீரை இந்தக் கையால் திறந்துவிட்டவன் நான். ரோஸ்லின் வீட்டு ஐந்தாவது மாடியில் உட்கார்ந்து குழாயைத் திறந்து மூடிக்கொண்டு மிச்ச நாளைக் கழிப்பதை நினைத்து அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கைப்பிடி போடுவதென்று அன்றே முடிவு செய்தேன்.

அங்கேதான் நம் குடும்பத்தில் போர் மூண்டது. கைப்பிடி என்றால் ஒரு கைப்பிடி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எந்த உலோகம் என்று நீ கேட்டாய். நீயே பதிலும் சொன்னாய், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், நடுவில் கண்ணாடி, துருவே பிடிக்காது, முகம் பார்க்கலாம் என்றாய். மாடி ஏறுகிறவளுக்கு முகம் எதற்குப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டதற்கு நீ போனை வைத்துவிட்டாய். ரோஸ்லின் அலுமினியம் என்றாள். எடை இல்லை, பவுடர் கோட்டிங் அடித்து எந்த நிறத்திலும் வரும் என்றாள். நான் இரும்பு என்றேன். எங்கள் மதகு ஷட்டர் வெள்ளைக்காரன் காலத்து இரும்பு. வருஷத்துக்கு ஒரு தரம் சுரண்டி, துரு தடுக்கும் ரெட் ஆக்ஸைடு அடித்து, மேலே பெயின்ட் அடித்து, திருகுக் கம்பிக்குக் கிரீஸ் வைத்தால் போதும். முப்பத்து நான்கு வருஷத்தில் எத்தனையோ இன்ஜினியர்கள் மாறிப் போனார்கள், அந்த ஷட்டர் மாறவில்லை. இதைச் சொன்னால் நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். வீடியோவில் நீங்கள் சிரித்ததை நான் பார்த்தேன்.

நடுநிலைமையாக ஒருவரைக் கேட்போம் என்று பாபநாசத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பஞ்சநதத்திடம் போனேன். போகும்போது பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அவர் ஒரு ஸ்டீல் குழாயைக் கொடுத்தார். காந்தத்தை வைத்தேன். ஒட்டவில்லை. "பாத்தீங்களா, போலி" என்றேன். அவர் பொறுமையாக, "ஐயா, நல்ல ஸ்டீல்ல காந்தம் ஒட்டாது" என்றார். இன்னொரு குழாயைக் கொடுத்தார். அதிலும் ஒட்டவில்லை. "அப்ப இதுவும் நல்லதா?" என்றேன். "அது முன்னூத்தி நாலாம் நம்பர் ஸ்டீல், ஒசத்தி. இது எரநூத்தி ரெண்டு, மட்டம். ரெண்டுலயுமே ஒட்டாது" என்றார். பிறகு எப்படித்தான் கண்டுபிடிப்பது என்றேன். ஒரு சொட்டு மருந்து விட்டால் நிறம் மாறும் என்றார். மருந்து யாரிடம் இருக்கிறது என்றேன். "எங்கிட்டதான்" என்றார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது, மாப்ள. ஸ்டீலைப் பற்றி ஸ்டீல் எதுவும் சொல்லாது, விற்கிறவர்தான் சொல்ல வேண்டும். பஞ்சநதம் தங்கமான மனிதர், அவர் சொன்னால் நம்பலாம். ஆனால் என் பெண்டாட்டி பிடித்து ஏறப்போகிற பொருளை நான் நேரடியாக விசாரிக்க வேண்டாமா? மூன்று உலோகத்திலும் ஆளுக்கு ஒரு நாலடித் துண்டு வாங்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் மூன்றுக்கும் சேர்த்து லக்கேஜ் கேட்டது தனிக் கதை.

இப்போது கவனமாகக் கேள். புது நெல் ரகம் வந்தால் வேளாண்மைத் துறையில் என்ன செய்கிறார்கள்? யாராவது ஒரு விவசாயியின் வயலில் மாதிரித் திடல் போட்டு, ரகத்தின் பெயரை எழுதிக் குச்சி நட்டு, எது தாங்குகிறது என்று பார்க்கிறார்கள். அதே முறைதான். நம் அரை மா நிலத்து நாற்றங்கால் மூலையில், பம்புசெட்டுத் தண்ணீர் விழுந்து எப்போதும் ஈரமாக இருக்கிற இடத்தில், மூன்று துண்டையும் மூன்றடி இடைவெளியில் நட்டேன். அ, ஆ, இ என்று தகரத்தில் எழுதிக் கட்டினேன். அ உன்னுடைய ஸ்டீல். ஆ ரோஸ்லினுடைய அலுமினியம். இ என் இரும்பு. நாற்பது நாள் தவணை. வேலையில் இருந்தபோது நீர்மட்டம் குறித்த பழக்கத்தில் ஒரு நோட்டுப் போட்டு, காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் மூன்றின் நிலையையும் பதிந்து கையெழுத்திட்டேன்.

ஒன்பதாம் நாள் இரும்பில் துரு வந்துவிட்டது. நோட்டில் அதை எழுதக் கை வரவில்லை. "இ: லேசான பழுப்பு, வெயிலின் காரணமாக இருக்கலாம்" என்று எழுதினேன். பதினோராம் நாள் அது பழுப்பு என்று சொல்லக்கூடிய நிலையையும் தாண்டிவிட்டது. ஸ்டீல் மாப்பிள்ளை மாதிரி மினுக்கிக்கொண்டு நின்றது. நான் யோசித்தேன். ஷட்டருக்குப் பராமரிப்பு உண்டு, அப்படியிருக்க இதற்கு மட்டும் ஏன் கூடாது? பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு டப்பா ரெட் ஆக்ஸைடும் பிரஷுமாகப் போய் இரும்புக்கு ஒரு பூச்சு அடித்தேன். உண்மையை எழுதுகிறேன் என்று சொன்னதால் இதையும் எழுதிவிடுகிறேன்: அன்று முதல் ஸ்டீலுக்கு மட்டும் தினம் ஒரு செம்பு உப்புத் தண்ணீர் ஊற்றினேன். கோடியக்கரைப் பக்கத்து வீடுகளுக்கும் இந்தச் சோதனை பயன்பட வேண்டும் என்ற பரந்த எண்ணத்தில்தான் ஊற்றினேன். அலுமினியத்தை யாரும் தொடவில்லை. அதை ஒரு ஆடு முட்டி, அது வளைந்து, ஆட்டைப் பார்த்தபடி நின்றது.

இதையெல்லாம் பக்கத்து வயல் சாரங்கபாணி உளுந்துச் செடிக்குள் உட்கார்ந்து இரண்டு நாள் பார்த்திருக்கிறார். அவர் கண்ணில் என்ன பட்டிருக்கும் என்று நீயே யோசி. ஓய்வு பெற்ற அரசாங்க ஆள். வயல் மூலையில் வரிசையாக மூன்று கம்பி. அதில் அடையாளத் தகடு. ஒன்றின் தலையில் சிவப்புப் பெயின்ட். காலையும் மாலையும் நோட்டில் குறிப்பு. ஒரு கம்பியின் அடியில் ஏதோ தண்ணீரை ஊற்றி ஊற்றி மண்ணைக் குனிந்து பார்க்கிறான். நம் ஜில்லாவில் வயலில் சிவப்புக் கம்பி நட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று குழந்தைகூடச் சொல்லும். நிலத்தடியில் எரிவாயுக் குழாய் போகப்போகிறது, இல்லையென்றால் மேலே பைபாஸ் போகப்போகிறது. சாரங்கபாணி வீட்டுக்குப் போய்ச் சொன்னார். வீடு தெருவுக்குச் சொன்னது. தெரு வாட்ஸாப்புக்குச் சொன்னது.

பங்குனி நான்காம் வெள்ளி காலை ஆறு மணிப் பதிவுக்கு நான் நோட்டோடு வயலுக்குப் போனால், வரப்பெல்லாம் தலை. அறுபது எழுபது பேர். பச்சைத் துண்டு கட்டியவர்கள் பாதி. முந்தின வருஷப் போராட்டத்து பேனரையே தேதியை மட்டும் ஒட்டி மாற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். "அளக்காதே அளக்காதே, எங்க மண்ணை அளக்காதே!" என்ற கோஷம் வாய்க்கால் வரை கேட்டது. நானும் விஷயம் தெரியாமல் ஓரமாக நின்று இரண்டு தரம் கோஷம் போட்டேன். நம் மண்ணை எவனோ அளக்க வந்துவிட்டான் என்று எனக்கும் கோபம் வரத்தானே செய்யும்? அப்போது சாரங்கபாணி, "அளக்குற ஆளே இங்க நிக்கிறாரு" என்று என்னைக் காட்டினார். கோஷம் சட்டென்று நின்றது. அப்படி ஒரு அமைதியை நான் பெரிய வெள்ளிக்கிழமைகூடக் கேட்டதில்லை.

அதற்குள் வி.ஏ.ஓ. வானதி ஸ்கூட்டியில் வந்துவிட்டார். சின்னப் பெண், ஆனால் மிடுக்கு. கம்பிகளைப் பார்த்தார், அ, ஆ, இ பார்த்தார், என் நோட்டை வாங்கிப் புரட்டினார். "ஐயா, எந்தத் துறை சார்பா நடுறீங்க?" என்றார். "எந்தத் துறையும் இல்லம்மா. சொந்த மாடிப்படி சார்பா" என்றேன். "புரியல." "மாடிப்படிக்குக் கைப்பிடி போடணும். ஸ்டீலா, அலுமினியமா, இரும்பான்னு சோதனை பண்றேன்." அவர் நோட்டை மூடினார். திரும்பவும் திறந்தார். "அப்ப இந்த சிவப்பு பெயின்ட்?" என்றார். எழுபது பேர் முன்னால், மாப்ள, நான் அதைச் சொல்ல வேண்டியதாயிற்று. "இரும்பு துருப்பிடிச்சிடுச்சு. அதான்... கொஞ்சம் பராமரிச்சேன்." "தண்ணி?" "அது ஸ்டீலுக்கு உப்புத் தண்ணி." கூட்டத்தில் யாரோ, "யோவ், வயல்ல உப்பு ஊத்துனியா?" என்றார்கள். எரிவாயுவுக்கு வந்த கோபத்தைவிட உப்புக்கு வந்த கோபம் அதிகம்.

ஆனால் நம் ஊர்க் கூட்டம் கூடினால் ஒரு தீர்மானம் போடாமல் கலையாது. எரிவாயு இல்லை என்றானதும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்கள். டிராக்டர் வைத்திருக்கிறவர்கள் எல்லாம் இரும்பு. அபுதாபி போய் வந்தவர்கள் எல்லாம் ஸ்டீல். அலுமினியத்துக்கு ஒருவர் மட்டும் நின்றார், அவரும் அந்த ஆட்டுக்குச் சொந்தக்காரர், குற்ற உணர்ச்சி. "ஸ்டீல் பாக்க பளபளன்னு கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும்யா" என்று ஒரு கட்சி. "வெல்டிங் விட்டா இங்க யாரு ஒட்டுறது, இரும்புன்னா நானே ஒட்டுவேன்" என்று ஒரு கட்சி. வானதி ஸ்கூட்டியைத் திருப்பி வைத்துக்கொண்டு போகாமல் நின்றார். அவர் வீட்டிலும் மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லையாம்.

இந்தக் களேபரத்தில்தான் உன் அக்காள் வந்தாள். என்னை ஜனங்கள் அடிக்கிறார்கள் என்று யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். வாசலிலாவது காயட்டும் என்று கொஞ்சமாக வடகத்துக்குப் பிசைந்துகொண்டிருந்தவள் அப்படியே எழுந்து, கைகூடக் கழுவாமல், கம்பை ஊன்றிக்கொண்டு வரப்பில் நடந்து வந்தாள். ஐப்பசிக்குப் பிறகு வரப்பில் அவள் நடந்தது அதுதான் முதல் தடவை. கூட்டம் வழிவிட்டது. "என்னா பண்ணினாரு எங்க வீட்டுக்காரரு?" என்றாள். சொன்னார்கள். எழுபது பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவள் கேட்டு முடித்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத நோட்டில் இடம் போதாது. "நாலு மாசமா எந்தக் கம்பி நல்ல கம்பின்னு மஸ்கட்டைக் கேட்டீங்க, திருச்சியைக் கேட்டீங்க, பாபநாசத்தைக் கேட்டீங்க. புடிக்கப்போற என்னை ஒருத்தர் கேட்டீங்களா?" என்றாள். வானதி தரையைப் பார்த்தார்.

பிறகு அவளே போய்ப் பிடித்துப் பார்த்தாள். முதலில் உன் ஸ்டீல். கையெல்லாம் விளக்கெண்ணெய் அல்லவா, பிடித்த கை சரசரவென்று கீழே வழுக்கி இறங்கியது. இரண்டாம் தரம் பிடித்தாள், இரண்டாம் தரமும் வழுக்கியது. "வடகம் போடுற கையோட இதைப் புடிச்சா நேரா மோட்சந்தான்" என்றாள். அடுத்து அலுமினியம். ஏற்கெனவே வளைந்தது, தொட்டதும் ஆடியது. கையை எடுத்துவிட்டாள். கடைசியாக இரும்பைப் பிடித்தாள். நின்றது. இழுத்துப் பார்த்தாள், சாய்ந்து பார்த்தாள், கம்பை என்னிடம் கொடுத்துவிட்டு முழு எடையையும் அதன் மேல் போட்டுப் பார்த்தாள். கை அசையவில்லை. "இதைப் போடுங்க" என்றாள். கூட்டம் கைதட்டியது. டிராக்டர்காரர்கள் விசில் அடித்தார்கள். அவள் கையை எடுத்தபோது உள்ளங்கை முழுக்கச் சிவப்பு. முந்தின நாள் சாயங்காலந்தான் மூன்றாவது பூச்சு அடித்திருந்தேன், பனியில் காயவில்லை. எண்ணெய்க் கையையும் பிடித்து வைத்துக்கொள்ளும் பிசுக்கு அதில் இருந்தது. இந்த ஒரு விவரத்தை நான் கூட்டத்தில் சொல்லவில்லை, உனக்கு மட்டும் சொல்கிறேன். காய்ந்த பிறகும் பெயின்ட் அடித்த இரும்பு ஸ்டீலைவிட நன்றாகவே பிடி கொடுக்கிறது, நான் விளக்கெண்ணெய் தடவிப் பரிசோதித்துவிட்டேன், ஆகையால் நியாயம் எதுவும் கெட்டுப்போகவில்லை.

பஞ்சநதம் எட்டு நாளில் வேலையை முடித்தார். மயில் டிசைன் வைக்கட்டுமா என்றார், வேண்டாம் என்றேன். சூரியன் டிசைன் என்றார், அதற்கு வானத்திலேயே ஒன்று இருக்கிறது என்றேன். நேர் கம்பி, நெருக்கமான கம்பி, மேலே அவள் உள்ளங்கைக்குள் அடங்குகிற உருட்டுக் குழாய். அளவுக்கு அவள் கையையே பட்டறைக்குக் கூட்டிப்போய் ஐந்து குழாயைப் பிடிக்கவைத்துத் தேர்ந்தெடுத்தோம். படிக்குப் படி துளை போட்டு, சிமென்ட் வைத்து இறுக்கி, ஆகாயத்தை அடைத்தாகிவிட்டது. ரெட் ஆக்ஸைடு இரண்டு பூச்சு, மேலே மதகுக்கு அடிக்கிற அதே கருஞ்சாம்பல் பெயின்ட் இரண்டு பூச்சு. காய்வதற்கு முழுதாக நான்கு நாள் விட்டேன், இந்தத் தடவை ஒருவரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

இன்று காலை ஏழரை மணிக்கு உன் அக்காள் ஏறினாள். வயலில் எனக்கு எதிராகக் கோஷம் போட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் வாசலில் வந்து நின்றார்கள். சாரங்கபாணி பேனர் கொண்டுவரட்டுமா என்று கேட்டார், நான் தடுத்துவிட்டேன். முதல் படியில் காலை வைத்தாள். வழக்கம்போல அந்தப் பக்கம் பார்த்தாள். அங்கே ஆகாயம் இல்லை, என் இரும்பு இருந்தது. வலது கையால் பிடித்தாள். இரண்டாவது படி, மூன்றாவது படி. ஆறாவது படியில் நின்றாள். அவள் ஏதோ மனதுக்குள் சொன்னாள், அருள் நிறைந்த மரியே என்ற மந்திரமாக இருக்கும், பிறகு காலைத் தூக்கி ஏழாவதில் வைத்தாள். அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. இருபத்தொன்றாவது படியில் ஏறித் திரும்பி நின்று, கீழே நின்ற அத்தனை பேரையும் விட்டுவிட்டு என்னைப் பார்த்து, "ரோஸ்லினுக்குப் போன் போடுங்க. நான் வரல" என்றாள். நான் அழுதேன், மாப்ள. பெயின்ட் வாடை கண்ணில் பட்டுவிட்டதென்று சாரங்கபாணியிடம் சொன்னேன், அவர் நம்பவில்லை.

வடகத் தாம்பாளங்களை ஆளுக்கொன்றாகத் தூக்கி மேலே கொண்டுபோய் வைத்தார்கள். பாயில் பரப்பியாகிவிட்டது. ரோஸ்லினுக்கு நானே போன் போட்டுப் பேசினேன். "எனக்கு ரெண்டு கிலோ வடகம் எடுத்து வைங்கப்பா" என்றாள். தோல்வியை இப்படி மரியாதையாக ஒப்புக்கொள்ள வேண்டும், நீயும் கற்றுக்கொள். ஆகவே இதனால் சகலமானவர்களுக்கும், குறிப்பாக மஸ்கட்டில் இருப்பவர்களுக்கும், நான் தெரிவிப்பது: மாடிப்படிக்கு இரும்பு. வேறு உலோகத்தைப் பற்றி இந்த வீட்டில் இனிப் பேச்சில்லை. இது விஷயமாக நீ இனி ஒரு படமும் அனுப்ப வேண்டியதில்லை. உனக்கு வேண்டிய வடகம் அடுத்த மாதம் அங்கே வருகிற ஆள் மூலம் வரும். பிள்ளைகளைச் சூசையப்பர் கைபிடித்து நடத்தட்டும். உன் வேலையும் உடம்பும் நன்றாக இருக்கட்டும். உன் சம்சாரத்துக்கு என் அன்பு, வேளை தவறாமல் சாப்பிடச் சொல்.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற உன் அத்தான்,
மதலைமுத்து
லஸ்கர் (ஓய்வு)

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடப் போனேன், போடவில்லை. மணி மாலை ஆறு. உன் அக்காள் இன்னும் மாடியில்தான் இருக்கிறாள். விஷயம் என்னவென்றால், ஏறும்போது வலது கைப் பக்கம் இருந்த கைப்பிடி, இறங்கத் திரும்பினால் இடது கைப் பக்கம் வந்துவிடுகிறது. ஐப்பசியில் விழுந்தபோது இடது மணிக்கட்டும் அடிபட்டிருக்கிறது, அது அவளுக்கே இப்போது இறங்கப் பார்க்கும்போதுதான் தெரிந்தது, அழுத்திப் பிடித்தால் விரல் விட்டுவிடுகிறது. சுவர்ப் பக்கம் பிடிக்க எதுவும் இல்லை. நான் கை கொடுக்கிறேன் என்றேன். "உங்க காலே ஆடுது. ரெண்டு பேரும் சேந்து உருளவா?" என்கிறாள். பின்பக்கமாக இறங்கலாம் என்று சாரங்கபாணி யோசனை சொன்னார். ஊர் பார்க்க அப்படி இறங்க மாட்டாளாம். பஞ்சநதத்துக்குப் போன் போட்டேன். "சுவர்ப் பக்கமும் ஒண்ணு போடணும்னு அன்னைக்கே சொல்ல வாயெடுத்தேன். நீங்க உலோகத்தைப் பத்தியே பேசிட்டிருந்தீங்க" என்றார். மத்தியானச் சோறு மேலே போயிற்று, காபி மேலே போயிற்று, இப்போது பாயும் தலையணையும் கேட்கிறாள். முகத்தில் கவலை இல்லை, வடகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தெருவில் போகிற வருகிற எல்லோரிடமும் பேசிக்கொண்டிருக்கிறாள். சுவரில் பதிக்கிற கைப்பிடி என்பதால் இரும்பு சரிப்படுமா, மழைநீர் சுவரில் இறங்கித் துருக்கறை படியுமா என்று பஞ்சநதமே சந்தேகப்படுகிறார். ஆகையால் எந்த உலோகம் நல்லது என்று உன் அபிப்பிராயத்தை உடனே தெரிவிக்கவும். படம் இருந்தால் அனுப்பவும். ரோஸ்லினிடம் மட்டும் மூச்சு விடாதே. அவள் வீட்டு லிப்ட் இறங்கவும் செய்யும்.